பச்சை கபிலமாகாமல்: நுவரெலியா ஆய்வுகூட நாட்குறிப்பு

ஜூன் 10
பெரசு (இரும்பு II) சல்பேற்றுப் போத்தலைத் திறந்தால் பச்சைப் பளிங்கின் மேல் கபிலப் படை. மழைக்கால ஈரமும் காற்றும் செய்த வேலை. ஏழு நீர் மூலக்கூறோடு மூலர்த்திணிவு 278; ஆகவே 6.95 கிராமை 250 மில்லிலீற்றராக்கினால் 0.1 மூலர். அதில் 25 மில்லிலீற்றரை 0.02 மூலர் பொற்றாசியம் பரமங்கனேற்றால் நியமித்தபோது (துளித்துளியாகச் சேர்த்து அளந்தபோது), 25.00 வரவேண்டிய இடத்தில் 21.90இலேயே இளஞ்சிவப்பு நிலைத்துவிட்டது. பெரசு 87.6 சதவீதம்தான். நியமக் கரைசலுக்கு, அதாவது செறிவு திட்டமாகத் தெரிந்த கரைசலுக்கு, உதவாது.

கரைக்கும் ஒழுங்கும் முக்கியம். முதலில் 1 மூலர் சல்பூரிக்கமிலம் 50 மில்லிலீற்றர், பிறகு பளிங்கு, கடைசியில் நீர். வெறும் நீரில் போட்டால் பெரிக்கு (ஒட்சியேறிய இரும்பு III) அயன் நீர்ப்பகுப்படைந்து கலங்கும். ஐதரோகுளோரிக்கமிலம் வேண்டாம், குளோரைட்டையும் பரமங்கனேற்று ஒட்சியேற்றுவதால் அளவி (பியூரெற்று) வாசிப்பு கூடும். நைத்திரிக்கமிலத்தின் பக்கமே போகக்கூடாது.

ஜூன் 11
பழையதை வீசவில்லை, மோரின் உப்பாக்குகிறோம் (அமோனியம் பெரசு சல்பேற்று). 13.9 கிராம், 20 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீர், ஐதான சல்பூரிக்கமிலம் 2 மில்லிலீற்றர், துருவில்லாத ஆணி ஒன்று. இரும்பு பெரிக்கைப் பெரசாகத் தாழ்த்தும். மஞ்சள் மறைந்து வெளிர்பச்சை வரும்வரை சூடாக்கி, சூட்டோடு வடித்தோம். இந்த ஆணி வித்தையை நியமக் கரைசலில் செய்தால் கெட்டது கதை: ஆணியும் கரைந்து செறிவு ஏறும்.

அமோனியம் சல்பேற்று 6.6 கிராமை 10 மில்லிலீற்றர் சுடுநீரில் கரைத்துச் சேர்த்தாயிற்று. பளிங்காக ஐஸ் தேவையில்லை, இங்குள்ள இரவுக் குளிரே போதும்.

ஜூன் 12
விளைவு 12.3 கிராம். கணக்குப்படி 19.6, மிச்சம் தாய்த்திரவத்தில். வடிதாள்களுக்கிடையே ஒற்றி உலர்த்தினோம். கனலடுப்பில் வைத்தால் பளிங்குநீர் போய்விடும், பிறகு 392 என்ற மூலர்த்திணிவை நம்பமுடியாது. 9.80 கிராமை அதே 250 மில்லிலீற்றராக்கி நியமிக்க: 24.90, 24.95.

ஜூன் 14
கொதிக்கவைத்து மூடி ஆறவைத்த நீரில் மோரின் உப்பையும் சோடியம் ஐதரொட்சைட்டையும் தனித்தனியே கரைத்துச் சேர்த்தால் பெரசு ஐதரொட்சைட்டு ஏறத்தாழ வெள்ளையாக விழுகிறது. குலுக்கினால் அழுக்குப் பச்சை, பிறகு கபிலம். இங்கே நீர் 94 பாகையிலேயே கொதிக்கிறது; பரவாயில்லை, கரைந்த ஒட்சிசனை வெளியேற்றுவது கொதிப்புத்தான்.

பெரிக்கு அயடைட்டைத் தாளில் எழுதலாம், போத்தலில் வைக்க முடியாது. நியம மின்வாய் அழுத்தம்: பெரிக்கு–பெரசு +0.77 வோல்ற்று, அயடீன்–அயடைட்டு +0.54. அயடைட்டு இலத்திரனைக் கொடுத்து அயடீனாகிவிடுகிறது.

ஜூன் 17
சாயத்தண்ணியில் (பால் சேர்க்காத தேநீரில்) பெரிக்குக் குளோரைட்டு ஒரு துளி: உடனே கருநீலம். புதிதாகக் கரைத்த மோரின் உப்பில் மேற்பரப்பு மட்டும் மெல்லக் கறுக்கிறது. கறைபடிந்த முகவைகளை ஒட்சாலிக்கமிலத்தால் கழுவவேண்டும். வெறும் சவர்க்காரத்துக்கு அது அசையாது.