மூன்றே தொழில்கள்

ஜூன் 4
ஸ்பானிய எழுத்தாளர் பெனிட்டோ பெரெஸ் கால்டோஸின் ‘திரிஸ்தானா’ நாவலை (1892) மறுபடி எடுத்திருக்கிறேன், ஆங்கிலம் வழியாகத்தான். தொடக்கத்திலேயே நாயகியைக் காகிதத்தில் செய்த ஜப்பானியச் சீமாட்டி என்கிறார், அவ்வளவு வெளுப்பு. தாயை இழந்தவளைத் தன் வீட்டுக்கு அழைத்துவரும் தோன் லோப்பேக்கு வயது 57. 49 என்று சாதிப்பார். இரண்டே மாதத்தில் அவளையும் தன் வெற்றிப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார். ‘பாதுகாவலர்’ என்ற சொல் வரும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 5
வேலைக்காரி சத்தூர்னா இன்று மனதில் நின்றுவிட்டாள். பாவாடை கட்டியவர்களுக்கு மூன்றே தொழில்கள் என்கிறாள்: கல்யாணம், நாடக மேடை, மூன்றாவதன் பெயரைச் சொல்ல மாட்டாள். சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான் திரிஸ்தானா ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறாள். அது இருவருக்கும் தெரியும்.

ஜூன் 9
நான்காவது தொழில் ஒன்று இருந்ததே! இன்னொரு ஸ்பானிய எழுத்தாளர் எமிலியா பார்தோ பாசான் 1883-லேயே ‘லா திரிபூனா’வில் அதை எழுதிவிட்டார். லா கொருஞா நகரத்துப் புகையிலை ஆலைக்கு இரண்டு மாதம் காலையும் மாலையும் போய்ப் பார்த்து எழுதிய நாவல். அதில் அம்பாரோ சுருட்டு சுற்றுகிறாள், தோழிகளுக்குச் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டுகிறாள், குடியரசுக்காகத் தொண்டை வறளப் பேசுகிறாள். அவளையும் ஒரு ராணுவ அதிகாரி கல்யாண ஆசை காட்டி ஏமாற்றிவிடுகிறான். ஆனால் மறுநாள் போய் உட்கார அவளுக்கென்று ஒரு பலகை இருக்கிறது. திரிஸ்தானாவுக்கு அது இல்லை. ஓவியம், மொழிகள், இசை என்று எதைத் தொட்டாலும் அவளுக்கு வருகிறது, எதுவும் சோறு போடவில்லை.

ஜூன் 10
மின்வெட்டு. நான்கே பக்கம்.

ஜூன் 12
திரிஸ்தானாவின் காலை வெட்டிவிட்டார்கள். மயக்க மருந்து கொடுக்கும் அந்த அத்தியாயத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. பெண் விடுதலையைப் பேசத் தொடங்கிவிட்டு நாவல் வழிமாறிப் போய்விட்டது என்று பார்தோ பாசான் அந்த ஆண்டே விமர்சனம் எழுதினார். கால்டோஸ் அவருக்கு நெருங்கியவராக இருந்தவர், இருந்தும் விடவில்லை. முக்கால்வாசி நான் பார்தோ பாசான் கட்சி. மீதிக் கால்வாசி, அந்தக் கடைசிப் பக்கத்துக்காக. தோன் லோப்பேயின் மனைவியாகிவிட்ட திரிஸ்தானா இப்போது பலகாரம் செய்யக் கற்றுக்கொள்கிறாள். கிழவர் விரலைச் சப்பிச் சாப்பிடுகிறார். இருவரும் மகிழ்ச்சியாக இருந்தார்களா என்று கேட்டுவிட்டு, ‘ஒருவேளை’ என்று மட்டும் எழுதி முடிக்கிறார் கால்டோஸ். அந்த விரலை என்னால் மறக்க முடியவில்லை.