ஸ்ரீகாந்த்: நான்கு படம் பார்த்து முடித்த குறிப்பு

'வெண்ணிற ஆடை' (1965) கதாநாயகன், 'தங்கப்பதக்கம்' (1974) ஜெகன். பழைய தமிழ் நடிகர் ஸ்ரீகாந்த் பற்றிய பேச்சு பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகிறது. அந்த மனிதருக்கு இது போதவே போதாது.

முதல் சிக்கல் பெயர். தேடினால் 'ரோஜாக்கூட்டம்' ஸ்ரீகாந்தும் தெலுங்கு ஸ்ரீகாந்தும் முன்னால் வந்து நிற்பார்கள். படப்பெயர், இயக்குநர், வருடம் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். நடிகர் பட்டியலில் சந்தேகம் வந்தால் பழைய பாட்டுப் புத்தகம்தான் கதி. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் விசாரிக்கலாம்.

அடுத்தது பிரதி. நொடிக்கு 24 பிரேமில் எடுத்ததை 25 பிரேமில் ஓட்டிய வீடியோவில் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் லேசாகக் கீச்சிடும். அதை வைத்துக்கொண்டு அவர் வசனம் பேசும் நிதானத்தை எடைபோட்டால் தப்பாகும். பிளேயரில் வேகத்தை 0.96-க்குக் குறைத்து, சுருதியும் கூடவே இறங்குகிறதா என்று கவனியுங்கள். சுருதியை அப்படியே நிறுத்திவைக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும்.

'தங்கப்பதக்க'த்தில் சிவாஜி பேசும்போது கண் வேறெங்கும் போகாது. அதனால் ஒரு அட்டையை வைத்துத் திரையில் அவர் நிற்கும் பாதியை மறைத்துவிட்டு, ஜெகன் கேட்டுக்கொண்டிருப்பதை மட்டும் பார்க்க வேண்டும். ஷாட் மாறினால் அட்டையும் மாற வேண்டும், கை வலிக்கும். ஆனால் எதிராளி பேசும்போது ஸ்ரீகாந்த் சும்மா நிற்பதில்லை என்பது அப்போதுதான் பிடிபடும்.

'எதிர்நீச்சல்' (1968) கிட்டு மாமாவுக்கு வேறு வழி. 'அடுத்தாத்து அம்புஜத்தை' பாட்டில் வாயசைப்பு அவருடையது, குரல் டி.எம்.எஸ். பாட்டுக்கு முன்னும் பின்னும் அவரே பேசும் இரண்டு நிமிடத்தைச் சேர்த்துக் கேட்டால், ஒரே மாமாதான் பேசுகிறார், பாடுகிறார் என்று தோன்றும்.

'திக்கற்ற பார்வதி' (1974) கருப்பனை ஒரே மூச்சில் பாருங்கள். குடி ஒரு மனிதனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதைத் துண்டு துண்டாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

நான்கில் உச்சம் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1977) பிரபு. வில்லனாக நடித்துத் தள்ளிவிடுவது எளிது. ஒரு பெண்ணின் வாழ்க்கையே தன்னால் தடம் புரண்டது என்பது, பல வருடம் கழித்து அவளே எதிரில் வந்த பிறகுதான் பிரபுவுக்கு உறைக்கிறது. இருவரும் முதலில் சந்திக்கும் மழை நாள் காட்சியையும் அந்த மறுசந்திப்பையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். அந்தப் பெண்ணாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது நியாயமே. அந்த நடிப்புக்கு எதிரே நின்று தாங்கியவர் இவர்.

அடுத்தது 'காசேதான் கடவுளடா' (1972). கூட்டமாக அடிக்கும் நகைச்சுவை என்பதால் அட்டை வித்தை அங்கே செல்லாது, முழுத்திரையும் வேண்டும்.