கண்ணுக்குத் தப்பும் காஸ்டிங்: ஆய்வாளரைப் பழக்குவது எப்படி

காஸ்டிங்குகளை, அதாவது உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி வார்த்த பாகங்களை, கண்ணால் சோதிக்க ஆள் பழக்குவது என்றால் பல ஆலைகளில் இவ்வளவுதான்: குறைகளின் போட்டோ ஒட்டிய போர்டு, மூத்தவர் பக்கத்தில் இரண்டு நாள், அப்புறம் தனி மேசை. வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தால் "நல்லா கவனிச்சுப் பாருங்க" என்று ஒரு மறுபயிற்சி. இதனால் எதுவும் மாறாது.

குறையுள்ள பீஸ் தப்புவதற்கு இரண்டு வழி உண்டு. கண் அந்த இடத்துக்கே போயிருக்காது. அல்லது போயும், 'இது பரவாயில்லை' என்று ஆய்வாளர் விட்டிருப்பார். எது என்று அறிய, தப்பவிட்ட பீஸை அவரிடமே கொடுத்து, இடத்தைச் சுட்டி, "இது தேறுமா?" என்று கேளுங்கள். "தேறாது" என்றால் தேடும் முறையில் கோளாறு. "தேறும்" என்றால் அவர் மனதில் உள்ள எல்லையில் கோளாறு. ஒன்றுக்கான பயிற்சி மற்றதைச் சரிசெய்யாது.

முதலில் தேடல். கண்ணின் கூர்மையான பகுதி சுமார் 2 டிகிரிதான். 30 செ.மீ. தூரத்தில் அது ஒரு செ.மீ. அகலம். பார்வை ஒரு நொடிக்கு மூன்று இடம் தாவும். 10 செ.மீ. சதுர முகத்தில் ஊசித்துளை தேட வேண்டுமானால் அரை நிமிடம் ஆகும். பெரிய குழி ஓரப்பார்வையிலேயே சிக்கும், சின்னது சிக்காது. அந்த முகத்துக்கு ஐந்து நொடி ஒதுக்கிவிட்டு ஆளைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. நேரம் குறைவென்றால், எந்த முகத்தில் எந்தக் குறை வரும் என்று வார்ப்பு முறையை வைத்து முடிவுசெய்து, அங்கே மட்டும் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பீஸைத் திருப்பும் வரிசை எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும். இடையில் யாராவது கூப்பிட்டால், முதல் முகத்திலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும்.

வெளிச்சம் குறைந்தது 500 லக்ஸ். ஆனால் அளவைவிடக் கோணம் முக்கியம். தலைக்கு மேல் டியூப்லைட் இருந்தால், மெஷின் செய்த முகம் பளபளத்துக் கீறலை மறைத்துவிடும். பக்கவாட்டில் தாழ்வாக விழும் ஒளியில்தான் கீறலும் விரிசலும் நிழல் காட்டும். எண்ணெயைத் துடைக்காமல் எதையும் பார்க்க வேண்டாம்.

அடுத்தது எல்லை. கெட்ட பீஸை மட்டும் காட்டிப் பழக்குவதுதான் இங்கே பெரிய தவறு. 'கடைசியாகத் தேறுவது', 'முதலில் தேறாதது' என இரண்டையும் கையில் கொடுக்க வேண்டும். போட்டோ போதாது. வாயுத்துளையின் சுவர் வழவழப்பு. உலோகம் ஆறும்போது சுருங்கி விழும் சுருக்கக் குழியின் சுவர் சொரசொரப்பு. கோல்டு ஷட்டின் (அச்சுக்குள் இரண்டு உலோக ஓட்டங்கள் சந்தித்தும் ஒட்டாமல் நின்ற கோடு) விளிம்பு மழுங்கியிருக்கும். விரிசல் கூர்மையாக, கோணல்மாணலாக ஓடும். ஒவ்வொரு குறையாகப் பழக்கி, பிறகு கலந்து கொடுங்கள். பதில் சரியா தவறா என்பதை உடனே சொல்லுங்கள். மாலையில் மொத்தமாகச் சொன்னால் பயன் குறைவு.

தேர்வுக்கு 50 பீஸ், மூன்று பேர், ஒவ்வொருவரும் மூன்று முறை, வரிசையை மாற்றி மாற்றி. தெளிவான பீஸ்களையே அடுக்கினால் எல்லோரும் பாஸ். கால் பங்காவது எல்லைக்கு அருகில் உள்ளவையாக இருக்கட்டும். முடிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கப்பா மதிப்பு 0.75-க்கு மேல் வந்தால் நல்லது. தப்பவிட்டதையும் வீணாகக் கழித்ததையும் தனித்தனியாக எழுதுங்கள். புகாருக்கு அடுத்த வாரம் இரண்டாவது எண் எகிறும். உற்பத்தி சூப்பர்வைசர் சத்தம் போட்டால் முதல் எண் எகிறும்.

தேர்வில் ஜெயித்தவர் லைனில் தோற்பதும் உண்டு. 2005-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஜெரமி உல்ஃப் குழுவின் ஆய்வில், தேடும் பொருள் பாதித் தடவை இருந்தபோது 7 சதவீதம் தப்பியது. நூறில் ஒரு தடவை மட்டும் இருந்தபோது 30 சதவீதம். நல்ல ஆலையில் குறை அபூர்வம் என்பதாலேயே கண் ஏமாறுகிறது. ஆகவே தெரிந்த குறை பீஸ்களை லாட்டில் கலந்துவிடுங்கள். புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் மையால் குறியிடுங்கள். சாதாரண பெயின்ட் வைத்தால் பெயின்டைத்தான் தேடுவார்கள். ஒரே பீஸைத் திரும்பத் திரும்பப் போட்டால் கை அழுக்கை வைத்தே அடையாளம் கண்டுவிடுவார்கள். கலந்த எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதி, அத்தனையும் திரும்பிய பிறகே பெட்டியை மூடுங்கள்.