ஜிமெயிலையே ஸ்பாம் என்ற சேர்வர்

உப்புவெளியில் ஒரு விடுதியின் மெயில் சேர்வர். உபுண்டு 22.04, மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ். நிலாவெளிப் பக்கம் சீசன் களைகட்டுகிற நேரம் பார்த்து, முன்பதிவு மெயில்கள் எல்லாம் 554 (நிரந்தர மறுப்பு) வாங்கித் திரும்பத் தொடங்கின. லொக்கில், ஜிமெயில்கூட ஸ்பாம்ஹவுஸ் ஸென் என்ற ஸ்பாம் தடைப்பட்டியலில் இருப்பதாகக் கிடந்தது.

அந்தப் பட்டியலை டிஎன்எஸ் வழியாகக் கேட்டால், முகவரி வடிவில் பதில் வரும். வந்த பதில் 127.255.255.254. 'பொது ரிசால்வர் வழியாகக் கேட்கிறாய், பதில் இல்லை' என்பதே அதற்குப் பொருள். ரிசால்வர் என்பது டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தேடித் தருவது; சேர்வரில் இருந்தது கூகுளின் பொது ரிசால்வர் 8.8.8.8. போஸ்ட்ஃபிக்ஸுக்கு அந்தப் பேதம் தெரியாது. என்ன முகவரி வந்தாலும் கதவைச் சாத்திவிடும். முதல் வேலையாக, பட்டியல் பெயருக்குப் பின்னால் =127.0.0.[2..11] சேர்த்தேன். மெயில் வந்தது, ஸ்பாமும் கூடவே வந்தது.

சரியான தீர்வு, சேர்வரிலேயே சொந்த ரிசால்வர். அதற்கு அன்பவுண்ட் நிறுவுவது இரண்டு நிமிட வேலை. எந்த ரிசால்வர் என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பு வேறொரு கோப்புக்கான வெறும் இணைப்பு என்பதால் அதை அழித்து, 127.0.0.1 போட்டுப் புதிதாக எழுத வேண்டும். வில்லங்கம் அதற்குப் பிறகுதான்.

எங்கிருந்தோ எடுத்த அன்பவுண்ட் மாதிரிக் கோப்பில் 'பிரைவேட் அட்ரஸ்' வரிசையில் 127.0.0.0/8 இருந்தது. தடைப்பட்டியல்கள் பதில் சொல்வதே 127இல் தொடங்கும் முகவரிகளில்தான். அன்பவுண்ட் அத்தனையையும் உருவி எறிந்துவிட்டு வெறும் பதிலைத் தந்தது. பிழைச்செய்தி ஒன்றும் வராது. அதே கோப்பில், கேள்விகளை 1.1.1.1 என்ற இன்னொரு பொது ரிசால்வருக்கு அனுப்பும் ஃபார்வர்ட் பகுதியும் இருந்தது. அதை விட்டுவைத்தால் அன்பவுண்ட் போட்டே பயனில்லை.

இரண்டையும் எடுத்த பிறகும் அதே 127.255.255.254. இணைய நிறுவனத்துக்கு அழைத்து முக்கால் மணித்தியாலம் காத்திருந்தால், "றவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்கோ". ஹூஆம்ஐ.அகமாய்.நெட் என்ற பெயரை டிக் என்ற டிஎன்எஸ் கேள்விக் கருவி மூலம் கேட்டால், உண்மையில் எந்த ரிசால்வர் கேள்வி கேட்கிறது என்று முகவரியே வரும். எங்கள் நிலையான ஐபி வரவில்லை, கூகுளுடையது வந்தது. குற்றவாளி றவுட்டர்தான், ஆனால் ஓஃப் பண்ணித் தீராது: டிஎன்எஸ்ஸுக்கான 53ஆம் போர்ட்டுக்குப் போகும் எல்லாவற்றையும் 8.8.8.8க்குத் திருப்பும் பழைய விதி ஒன்று உள்ளே கிடந்தது. சேர்வருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன். யூடிபி, டிசிபி இரண்டுக்கும் கொடுக்க வேண்டும்.

சோதிக்க, ஸென்னின் பெயருக்கு முன்னால் 2.0.0.127 போட்டு டிக்கில் கேளுங்கள்: 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 வர வேண்டும். 1.0.0.127க்கு ஒன்றும் வரக்கூடாது.

டிக் சரியாகச் சொன்ன பிறகும் போஸ்ட்ஃபிக்ஸ் பழைய பாட்டையே பாடும். அது வெளிக் கோப்புகளைப் பார்க்க முடியாத சிறைக்குள் (க்ரூட்) ஓடுகிறது; ரிசால்வ்.கான்ஃபின் பிரதி ஒன்றை ஸ்பூல் அடைவுக்குள் தனியாக வைத்திருக்கும். ரீலோட் அதைப் புதுப்பிக்காது. ரீஸ்டார்ட் கொடுங்கள், மெயிலை வடிகட்டும் அமாவிஸ் இருந்தால் அதற்கும். ஸ்பாம் வடிகட்டியான ஸ்பாம்அசாசின் மெயிலில் சேர்க்கும் தலைப்புகளில் 'யூஆர்ஐபிஎல் பிளாக்ட்' (பட்டியல் கேள்வி மறுக்கப்பட்டது) மறைந்ததும் நிம்மதி.

இனிமேல் பட்டியல் விதியைத் தொடுமுன் போஸ்ட்ஃபிக்ஸில் 'சாஃப்ட் பவுன்ஸ்' போட்டுவிடுவேன். அப்போது 554 என்ற மறுப்பு 4xx என்ற தற்காலிக மறுப்பாக மாறும், அனுப்பியவரின் சேர்வர் மறுபடி முயலும். அன்று அது இல்லை. லொக்கில் 'நோக்யூ ரிஜெக்ட்' (ஏற்காமல் மறுத்தது) வரிகளிலிருந்து அனுப்பியவர் முகவரிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, விடுதிக்காரர் மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டார்.