காலை ஒன்று, இரவு ஒன்று: கடலுக்குப் போகிறவனின் மாத்திரைக் கணக்கு

எனக்குப் பிரஷரும் சர்க்கரையும் இருப்பது தெரிய வந்தது ஒரு தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. எங்கள் ஆட்களைக் கரையில் பிடிக்க அதுதான் நேரம் என்று தெரிந்தே மருத்துவ முகாம் போடுகிறார்களோ என்னவோ. தங்கச்சிமடத்தில் நடந்த முகாமில் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்த சிஸ்டர், "அண்ணே, கொஞ்ச நேரம் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி பார்த்தார். 170-க்கு 100. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரையும் ஏறியிருந்தது. எனக்கு ஒரு தலைவலி கூடக் கிடையாது. நோய் ஒரு தொந்தரவும் தராமல் இருந்தால் மாத்திரை எப்படி ஞாபகத்தில் நிற்கும், சொல்லுங்கள்.

சுகாதார நிலையத்தில் ஒரு நோட்டுக் கொடுத்தார்கள். அதில் ஒவ்வொரு மாத்திரைக்கு எதிரேயும் காலை-மதியம்-இரவு வரிசையில் 1-0-0, 1-0-1 என்று எழுதியிருந்தது. அம்லோடிபின் காலையில் ஒன்று. மெட்ஃபார்மின் காலையும் இரவும் சாப்பிட்ட பிறகு. கிளிமிப்ரைட் காலைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். தடைக்காலம் முடியும் வரை இதில் எந்தச் சிக்கலும் வரவில்லை. காலையில் டீ, மாத்திரை, இட்லி, மாத்திரை, அப்புறம் படகு மராமத்து. இரவு சாப்பாடு, மாத்திரை, தூக்கம். பென்ஷன் வாங்குகிற வாத்தியார் மாதிரி இருந்தேன்.

ஜூன் 15 வந்ததும் எல்லாம் கலைந்தது.

கடல் பக்கம் இல்லாதவர்களுக்காக எங்கள் நாள் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரம் பகுதியில் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று முறை உண்டு. நான் விசைப்படகில் டிரைவர். எங்கள் முறை வருகிற நாளில் காலையில் டோக்கன், அதாவது கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு, வாங்கிக்கொண்டு இறங்கினால், ராத்திரி முழுக்க வலை இழுத்து, மறுநாள் காலையில்தான் கரை. இறால், நண்டு, கணவாய் என்று தனித்தனியாகப் பிரித்து, கழிவு மீனான சங்காயத்தை ஒதுக்கி, எடை போட்டுக் கொடுத்து, டீசல் கணக்கும் பார்த்து வீட்டுக்கு வர பதினொரு மணி ஆகும், சில நாள் பன்னிரண்டு. குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் பொழுது சாயும்போதுதான் முழிப்பு. மறுநாள் மறுபடி டோக்கன். நடுவில் பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் நாள் கணக்கில் வீட்டிலேயே கிடப்போம்.

இதில் காலை எது? பதினொரு மணிக்கு முதல்முறையாக உட்கார்ந்து சாப்பிடுகிறேனே, அது காலைச் சாப்பாடா, மதியச் சாப்பாடா, இல்லை முந்தின ராத்திரியின் பாக்கியா? நோட்டில் எழுதியிருந்த 1-0-1 கரையில் தூங்கிக் கரையில் எழுகிறவனுக்கு எழுதியது. எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

போனில் அலாரம் வைத்துப் பார்த்தேன். எல்லோரும் முதலில் சொல்கிற யோசனை அதுதானே. கடலில் சிக்னல் போனாலும் அலாரம் அடிக்கும், அது உண்மை. ஆனால் தண்ணீர் படாமல் இருக்கப் பாலிதீன் உறைக்குள் சுற்றி வைத்த போன், இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் அடித்தால் யார் காதில் விழும்? விழுந்தாலும் கையில் ஸ்டீயரிங் இருக்கும், இல்லாவிட்டால் வலை ஏறிக்கொண்டிருக்கும். கரை திரும்பிய காலையில் அது அடிக்கும்போது இரண்டு கையும் மீன் செதிலாக இருக்கும். நிறுத்திவிட்டு 'அப்புறம்' என்று சொல்லிக்கொள்வேன். அந்த அப்புறம் வரும்போது, போட்டேனா இல்லையா என்கிற சந்தேகமும் கூடவே வந்துவிடும். மறப்பதை விட இந்தச் சந்தேகம்தான் தொல்லை. போடாமல் விட்டால் ஒரு கவலை, இரண்டாவது தடவை போட்டுவிட்டால் இன்னொரு கவலை.

அலாரத்தைச் சரியாக மதித்த ஒரு நாளில்தான் பெரிய வம்பு வந்தது. மணி அடித்தது, கிளிமிப்ரைடைப் போட்டுக்கொண்டேன், சோறும் வெந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வலை பாரில் மாட்டிக்கொண்டது. கடலடிப் பாறையில் வலை சிக்கினால் சோற்றை யார் நினைப்பார்கள்? படகைத் திருப்பி, ரோப்பை விட்டு, இழுத்து, கிழிந்தது போக மிச்சத்தை ஏற்றி முடிப்பதற்குள் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை, கண் இருட்டுகிறது. நல்லவேளை, கூட வந்த பெரியவர் வீட்டிலும் சர்க்கரை உண்டு. பார்த்ததும் புரிந்துகொண்டு, டீக்கு வைத்திருந்த சீனியை அள்ளித் தண்ணீரில் கலக்கி வாயில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. கிளிமிப்ரைட் கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. உள்ளே சோறு போகாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். அன்றைக்கு நான் மாத்திரை போட்டது மிகச் சரியான நேரத்தில். சோறுதான் நேரத்துக்கு வரவில்லை.

அதற்கப்புறம் சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. என் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி மூன்று கோடு போட்டார். ஒன்று கடலுக்குப் போகிற நாள், ஒன்று கரை திரும்புகிற நாள், ஒன்று போகாத நாள். எப்போது முழித்திருப்பீர்கள், எப்போது சாப்பிடுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கோட்டில் குறித்தார். காலையில் மூன்று கோடும் மூன்று விதமாக இருந்தன. மதியமும் அப்படித்தான். பொழுது அடைந்த பிறகு ஏழு, எட்டு மணிவாக்கில் மட்டும் மூன்றும் ஒத்துப்போயின. கடலில் இருந்தால் ராத்திரி வலைக்கு முன்னால் எல்லோரும் சோறு சாப்பிடுகிற நேரம் அது. கரை திரும்பிய நாள் என்றால் தூங்கி எழுந்து சாப்பிட உட்கார்ந்திருப்பேன். போகாத நாளில் சொல்லவே வேண்டாம், வீட்டில்தான். இத்தனை வருஷம் கடலுக்குப் போகிறேன், என் நாளில் அப்படி ஒரு மாறாத நேரம் இருப்பதை யாரும் கோடு போட்டுக் காட்டியதில்லை.

அப்புறம் அவர் மாத்திரைகளை அந்த நேரத்துக்கு நகர்த்தினார். அம்லோடிபின் எந்த வேளையிலும் போடலாம், தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். இரண்டு வேளை மெட்ஃபார்மினுக்குப் பதிலாக, உள்ளே மெதுவாகக் கரைகிற வகை, இரவுச் சாப்பாட்டோடு ஒரு தடவை. இதை உடைக்கவோ மெல்லவோ கூடாது, முழுசாக விழுங்க வேண்டும். கிளிமிப்ரைடை நிறுத்திவிட்டு சிடாகிளிப்டின் எழுதினார். சாப்பாடு தள்ளிப்போனாலும் இது அப்படி ஆளைக் கவிழ்க்காது என்றார். 2022-இல் இதன் காப்புரிமை முடிந்த பிறகு நிறைய கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கி விலை நன்றாக இறங்கிவிட்டது, அதனால் கையைக் கடிக்கவில்லை. ஆக எல்லாம் 0-0-1. படிக்கிறவர்கள் இதைப் பார்த்துத் தாங்களாக மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டாம். என் சிறுநீரகத்துக்கு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு எழுதினார், உங்கள் உடம்பு வேறு. மூன்று கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.

பிரஷர் மாத்திரையைக் காலையில்தான் போட வேண்டும் என்று எங்கள் தெருவில் ஆளுக்கொரு அறிவுரை. நர்சிங் படிக்கிற மகள்தான் அதை முடித்து வைத்தாள். பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்து, காலையில் போடுவதற்கும் மாலையில் போடுவதற்கும் மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் உண்டா என்று ஐந்து வருஷத்துக்கு மேல் பார்த்தார்களாம். 2022-இல் முடிவு வந்தது: வித்தியாசம் இல்லை. தொடர்ந்து போடுவதுதான் கணக்கு.

நேரம் சரியாகிவிட்டது. அடுத்தது, மாத்திரையை எதில் வைப்பது? ஏழு அறை கொண்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று மகள் வாங்கித் தந்தாள். ஊருக்குள் இருப்பவர்களுக்கு அது நல்ல சாமான். உப்புக் காற்றில் சரிப்படவில்லை. பிரித்து வைத்த மாத்திரைகள் பிசுபிசுத்து ஓரம் உதிர ஆரம்பித்தன. பிறகு பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும் சேர்ந்தபோது மருந்தாளுநரே சொன்னார், இது ஈரத்தை இழுக்கும், வாயில் போடுகிற நேரம் வரை அட்டையிலேயே இருக்கட்டும் என்று.

ஆகவே இப்போது அட்டையோடு கத்தரிக்கிறோம். ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி, அந்தந்த நாளைக்கு உரியதை ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு, மேலே மார்க்கர் பேனாவால் கிழமை எழுதுவது மனைவியின் ஞாயிற்றுக்கிழமை வேலை. காலாவதித் தேதி அச்சடித்திருக்கிற ஓரத்தை மட்டும் வெட்டாமல் கடைசி வரை விட்டு வைக்க வேண்டும். மாத்திரை போட்டதும் காலி அட்டையை அதே கவரில் திருப்பி வைத்துவிடுவேன். போட்டேனா இல்லையா என்கிற சந்தேகத்துக்கு அதோடு முடிவு. செவ்வாய் கவரைத் திறந்து பார்த்தால் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். நான் பொய் சொன்னாலும் கவர் சொல்லிக்கொடுத்துவிடும் என்பது வீட்டில் ஒரு கூடுதல் வசதி.

கவர்கள் மூடி இறுகுகிற எவர்சில்வர் டப்பாவில். படகில் அந்த டப்பாவை இன்ஜின் பக்கம் வைக்கக் கூடாது, சூடு. என் கேபினில் வைத்தால் நானே பார்க்க மாட்டேன். கடைசியில் இடம் கிடைத்தது சமையல் சாமான் பெட்டியில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில். பிரஷர்காரன் மாத்திரை உப்போடு குடித்தனம் நடத்துகிறது என்று படகில் ஒரே கேலி. ஆனால் குழம்பு வைக்கிற தம்பி ராத்திரிச் சமையலுக்கு உப்பை எடுக்காமல் இருக்க முடியாது. எடுக்கும்போது டப்பா கண்ணில் படும். "அண்ணே, மாத்திரை போட்டீகளா?" என்று சோற்றுத் தட்டோடு சேர்த்து நீட்டிவிடுவான். என் ஞாபகத்தை நம்புவதை நான் விட்டுவிட்டேன். அவனுக்கு உப்பு ஞாபகம் இருந்தால் போதும். அந்த உப்பையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், கருவாட்டைத் தொடாதே என்றும். அது தனிப் போராட்டம், இங்கே வேண்டாம்.

வீட்டில் செபமாலை முடிந்து எல்லோரும் எழும்போது மாத்திரை. கல்யாணம், திருவிழா என்று வெளியூர் போகிற நாட்கள்தான் இன்னும் தப்புகிற இடம். சட்டைப் பையில் கவர் இருக்கும், பந்தியில் உட்கார்ந்ததும் மறந்துவிடும். அப்படி விட்டுப்போனால் என்ன செய்வது என்றும் கேட்டு வைத்துக்கொண்டேன். படுக்கப் போவதற்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள், மறுநாள் பொழுது சாய்ந்துதான் ஞாபகம் வந்தால் விட்டதை விட்டுவிடு, இரண்டு வேளையைச் சேர்த்துப் போடாதே. அம்லோடிபின் உடம்பில் ஒரு நாளுக்கு மேலும் தங்கும், சில மணி நேரம் பிந்தியதற்காகப் பதற வேண்டியதில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதில் இருந்து பிரஷர், சர்க்கரைக்கு மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டு வருகிற தன்னார்வலர் பெண் வரும் நேரம் நான் கடலில் இருப்பேன், இல்லை தூக்கத்தில். மனைவிதான் வாங்கி வைப்பாள். இதில் ஒன்று கவனிக்க வேண்டும்: போன தடவை வெள்ளையாக இருந்தது இந்தத் தடவை மஞ்சளாக வரும், கம்பெனி மாறினால் உருவமும் மாறும். 'சின்ன வெள்ளை, பெரிய மஞ்சள்' என்று அடையாளம் வைத்திருந்தால் ஏமாந்து போவோம். அட்டையில் இருக்கும் பெயரையும் மில்லிகிராமையும் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்கோல்.

டப்பாவின் அடியில் எப்போதும் ஒரு கூடுதல் அட்டை, மருந்துச் சீட்டின் நகலோடு பாலிதீனில் சுற்றி இருக்கும். இன்ஜின் பழுதாகிக் கரை திரும்ப ஒரு நாள் கூடிவிட்டால் என்பதற்காக மட்டும் இல்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில் சிறையில் கிடந்து வந்தவர்கள் எங்கள் துறையில் எத்தனையோ பேர். உடுத்தியிருந்த துணியோடு போனவர்கள். அதில் சர்க்கரைக்காரரும் உண்டு. என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டால் பெயர் சொல்லத் தெரியாமல் நிற்கக் கூடாது. மீனவர் அடையாள அட்டைக்குக் கொடுக்கிற மரியாதையை அந்தச் சீட்டுக்கும் கொடுக்கிறேன்.

கடைசியாகப் பார்த்தபோது பிரஷர் 132-க்கு 84. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9-க்கு மேல் இருந்தது 7-க்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. டாக்டரம்மா இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்கிறார்.

இப்போது என் மச்சானுக்கு இன்சுலின் ஆரம்பித்திருக்கிறார்கள். அவன் நாட்டுப்படகு. என்னிடம் வந்து, "ஐஸ் பெட்டியிலேயே வச்சுக்கிறவா மச்சான்?" என்று கேட்டான். ஐஸ் மேல் நேராக வைத்து மருந்து உறைந்துவிட்டால் அது வீண், கரைந்த பிறகும் குத்திக்கொள்ளக் கூடாது. வெயிலில் கிடந்தாலும் கெடும். வாயகன்ற ஃபிளாஸ்க் ஒன்று கொடுத்தேன், உள்ளே எப்படி வைப்பது என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லி. கூடவே அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கோடும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவன் சாயங்காலம் இறங்கி விடிகாலையில் வருகிறவன், என் ஏழு மணி அவனுக்கு வலை போடுகிற நேரம். வருகிற செவ்வாய்க்கிழமை டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறான்.