எக்லிண்டன் நாட்குறிப்பு: ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர வடகோடியில்

ஜூலை 14, 2024, ஞாயிறு

இன்று ரயில் வந்துவிட்டது. பட்லர் நிலையத்தோடு நின்றிருந்த தண்டவாளம் இன்னும் 14.5 கிலோமீட்டர் வடக்கே நீண்டு, அல்கிமோஸ், எக்லிண்டன், யான்செப் என்று மூன்று புது நிலையங்களைச் சேர்த்திருக்கிறது. ஜூண்டலப் தடம் என்ற பழைய பெயரும் மாறி, இனி இது யான்செப் தடம். நிலையத்தில் திருவிழாக் கூட்டம். இதுவரை தலையாட்டலோடு நிறுத்திக்கொண்ட அக்கம்பக்கத்தார்கூட நின்று பேசினார்கள்.

இந்தப் பக்கம் எப்போதும் வீடுகள்தான் முதலில் வரும். மணல்மேட்டைச் சமன்செய்து, சுண்ணாம்புக்கல்லில் தாங்குசுவர் எழுப்பி, மனை பிரித்து விற்று, ஆட்கள் குடியேறி, அப்புறம்தான் கடை, டாக்டர், பேருந்து எல்லாம். பட்லர் நிலையம் 2014இல் திறந்தது. அதற்குப்பின் பத்து வருடம் இங்குள்ளவர்கள் காரில் அங்கே போய்த்தான் ரயில் பிடித்தார்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் வீட்டுக்கு இரண்டு கார் வேண்டும். வீட்டுக்கடனுக்கு மேல் கார்க்கடன், பெட்ரோல், இன்ஷூரன்ஸ். மனை மலிவு என்று நம்பி வருகிற இளம் குடும்பங்கள் தலையில்தான் அத்தனையும் விழுகிறது. ரயிலைப் போட்டுவிட்டு வீடு கட்ட அனுமதி கொடுப்பதுதான் நியாயம். இன்றைய சந்தோஷத்திலும் இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

ஜூன் 1 முதல் பெர்த் முழுக்க இருந்த குளிர்காலத் தோட்டத் தெளிப்பான் தடை இன்றோடு முடிகிறது. இனி வாரத்தில் இரண்டு நாள், வீட்டு எண்ணின் கடைசி இலக்கப்படி தண்ணீர் விடலாம். அதுவும் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போதான். நம் மண் வெறும் மணல், ஊற்றியது நிற்காது. மழையும் வருடத்துக்கு வருடம் குறைகிறது. அடுத்த ஊரான அல்கிமோஸில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எழும்புகிறது. முதல் கட்டத்தில் ஆண்டுக்கு 5,000 கோடி லிட்டர் கிடைக்குமாம்.

டிசம்பர் 14, சனி

காலையில் கிழக்கிலிருந்து அனல்காற்று. பிற்பகலில் தென்மேற்குக் கடற்காற்று வந்ததும்தான் ஜன்னல்களைத் திறந்தோம். 2019 டிசம்பரில் யான்செப்பில் பற்றிய காட்டுத்தீயில் ஒரு பெட்ரோல் நிலையமே வெடித்தது. மக்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. கூரை விளிம்புக் கால்வாயில் கிடந்த சருகை இன்று அள்ளினோம். புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டாருக்கு, தீ வந்தால் எந்தச் சாலையில் போவது என்று வரைபடத்தில் காட்டினேன்.

பிப்ரவரி 22, 2025, சனி

கார்னபி கருங்காக்கட்டூக்கள் என்ற பெரிய கருங்கிளிகள் கூட்டமாக வந்து பாங்க்சியா மரத்துக் காய்களைக் கொத்திக்கொண்டிருந்தன. வாலில் வெள்ளைப் பட்டை, நீண்டு இழுக்கிற குரல். ஆஸ்திரேலியாவின் இந்தத் தென்மேற்கு மூலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை, அழிவின் விளிம்பில் இருப்பது. உள்நாட்டில் குஞ்சு பொரித்துவிட்டு, கோடையில் கடலோரத்துக்கு இரைதேடி வரும். நாம் மனை போடுகிற இதே புதர்க்காடுதான் அதற்குச் சாப்பாடு. பூங்காவில் நடுகிற கன்று காய்த்துக் குலுங்க எத்தனை வருடம் ஆகும்? அதுவரை அவை எதைத் தின்னும்? புது மனைப்பிரிவுகளில் வளர்ந்த பாங்க்சியாக்களைத் தோப்பாகவே விட்டுவைக்கச் சொல்லி நகரசபைக்கு எழுதியிருக்கிறேன். தெருவில் கையெழுத்தும் வாங்குகிறோம். எதிர்வீட்டார்தான் முதலில் போட்டார்கள்.