முத்தையன்கட்டு மருதமரத்தில் ஒரு வெள்ளைச் சொண்டு

நேற்றுக் காலை இலங்கையின் வன்னியில் உள்ள முத்தையன்கட்டுக் குளக்கட்டில் நடக்கும்போது பட்டுப்போன மருதமரத்தில் மரங்கொத்தி தட்டுகிற சத்தம். வழக்கமாக எங்கள் வீட்டுப் பனையில் கொத்துவதைவிடக் கனமான தட்டு. நிமிர்ந்து பார்த்தால் முதுகு முழுக்கக் கடுஞ்சிவப்பு!

வடக்கில் நாங்கள் காண்பது பொன்முதுகு மரங்கொத்தி. தெற்கே போகப் போக அதே அளவில் சிவப்பு முதுகுக்காரர். இரண்டும் கலக்கும் இடங்களில் செம்மஞ்சள் முதுகும் உண்டு. ஆகவே முதலில் கலப்பு என்றுதான் நினைத்தேன். நிறத்தை மட்டும் நம்பினால் இந்த இடத்தில் ஏமாந்துபோவோம்.

கமராவில் பெரிதாக்கிப் பார்த்ததும் நெஞ்சு படபடத்தது. சொண்டு கறுப்பில்லை, யானைத்தந்த வெள்ளை. கண்ணும் வெளிறிய மஞ்சள். கொண்டை முழுதும் கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். சிவப்பு முதுகு மரங்கொத்திகளில் சிறியது, பெரியது என்று இரண்டு இனங்கள் உண்டு. தெற்கே காணும் அந்தச் சிறிய இனத்தின் பெண் என்றால் கொண்டையின் பின்பாதி சிவப்பாக இருக்கும். அப்படியென்றால் இது பெரிய இனத்துப் பெண், இலங்கைக்கே உரிய பறவை! மலைநாட்டிலும் ஈரவலயக் காடுகளிலும்தான் அதிகம். எங்கள் வன்னியில் நான் கண்டது இதுவே முதல் தடவை.

பக்கத்தில் வலை காயப்போட்ட ஐயா, "தம்பி, இது ரெண்டு மூண்டு நாளா இஞ்சதான் நிக்குது" என்றார். சரி, நாளைக்கும் விடிய முதல் போகிறேன். சோடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பட்டமரத்தை விறகுக்கு வெட்ட வேண்டாம் என்று ஐயாவிடம் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறேன்.